முப்பது கைப்பிடி அதிகம்

அத்தியாயம் ஒன்பது

"எங்கப்பாவோட டெபாசிட்டைத் திருப்பிக் குடுங்க."

கேட்டுவிட்டேன். எட்டு வருஷமாக அம்மா என் வாயில் பூட்டுப் போட்டு வைத்திருந்த கேள்வி அது. 'யார்கிட்ட வேணா எதை வேணா கேளு. அந்த டிரஸ்ட்ல போய் அந்த அஞ்சாயிரத்தை மட்டும் கேட்டுடாதே. செத்தவருக்கு நாம விலை வெச்ச மாதிரி ஆயிடும்' என்பாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பொருளாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பேங்கில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டப்பெயர் சில்லறை. டீ வாங்கி வரச் சொன்னால்கூட மீதியை மூன்று தரம் எண்ணுவதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

"கைப்பிடி எங்கேம்மா?"

"வீட்டுப் பரண்ல இருக்கு."

"அப்ப பணமும் பரண்லயே இருக்கட்டும். கைப்பிடி வந்தா காசு. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

"கைப்பிடியோட வந்த இஸ்திரிக்கார அக்காவுக்கு ஏன் காசு வரலை?"

கண்ணாடி நெற்றியிலிருந்து வழுக்கி மூக்கில் விழுந்தது. என் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரீமியம் தொண்டையைக் கனைத்தார்.

"பாஸ், சாரோட கண்ணாடியே வெட்கப்பட்டு இறங்கிடுச்சு பாருங்க."

பிரீமியம் என் உதவியாளர். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். பாதி ஆயுளை இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றே கழித்தவர். எந்த வீட்டில் எந்தக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. என்னைப் பாஸ் என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

"யாருக்கும் குடுக்கலைன்னு சொல்லாதே" என்றார் சில்லறை. "ரெண்டு வருஷத்துல பழைய கைப்பிடி இருபத்தொன்பது வந்துச்சு. இருபத்தொன்பதுக்கும் என் கையாலதான் எண்ணிக் குடுத்தேன். அதுக்கப்புறம் வந்தவங்களைத்தான் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லியிருக்கேன்."

"எவ்வளவு நாள் பொறுக்கணும்?"

"உன் ரிப்போர்ட் போற வரைக்கும்."

இடக்காகத்தான் சொன்னார். ஆனால் உண்மை அதுதான்.

இந்த டிரஸ்ட் செய்வது ஒரே ஒரு வேலை. வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகையில்லாமல் கொடுக்கும். டெபாசிட் ஐயாயிரம். ஆள் எழுந்து நடந்தாலோ போய்ச் சேர்ந்தாலோ வேன் வந்து கட்டிலை எடுத்துப் போகும். ஆனால் தலைப்பக்கத்தை உயர்த்துவதற்காகக் கால்மாட்டில் சொருகித் திருகுகிற இரும்புக் கைப்பிடியை மட்டும் அந்த வீட்டிலேயே விட்டுவிடும். அதுதான் ரசீது. கட்டில் நம்பர் அதில் அடித்திருக்கும். படிக்காத வீட்டில் காகிதம் அடுப்புக்குப் போய்விடும், இரும்பு போகாது என்று டிரஸ்டை ஆரம்பித்த சிஸ்டர் கண்டுபிடித்த முறை. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். கைப்பிடியைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு போகலாம்.

ஒரு பெரிய நிறுவனம் இந்த டிரஸ்டுக்கு இருபது லட்சம் தர முன்வந்திருக்கிறது. தருவதற்கு முன், பத்து வருஷமாக இதன் பண நிலைமை எப்படி என்று துப்பறிந்து சொல்ல எங்கள் ஏஜென்ஸியை அமர்த்தியிருக்கிறது. இன்று மாலைக்குள் என் அறிக்கை போயாக வேண்டும். திருடன் ஒருவன் இருந்தால் நல்லது. அவனைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, இனி பிழைத்துக்கொள்ளும் என்று எழுதலாம். பணம் வரும், கட்டில்கள் ஓடும். திருடன் இல்லாமலே பணம் கரைந்திருந்தால், தானாகக் கரைகிற இடத்தில் யார் இருபது லட்சத்தைக் கொட்டுவார்கள்? ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ஆகவே எனக்கு ஒரு திருடன் வேண்டும். அது சில்லறையாக இருக்க வேண்டும் என்பது என் சொந்த ஆசை. அப்பாவுக்குக் கட்டில் கேட்டு அம்மா வந்து நின்றபோது, அவள் கொடுத்த கசங்கிய நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் இவர்.

"திருடினவர் முகம் இது இல்லை, பாஸ்" என்றார் பிரீமியம், வெளியே வந்ததும். "திருடுறவன் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தைச்சு உடுத்த மாட்டான்."

"நடிப்பா இருக்கலாம்."

"காலர்லயா? அவ்வளவு நுணுக்கமா நடிக்கிறவர் டிரஸ்ட்ல ஏன் உட்கார்ந்திருக்காரு, சினிமாவுக்குப் போயிருப்பாரே."

அலுவலகத்தை ஒட்டி ஒரு நீண்ட தகரக் கொட்டகை. பினாயில் வாடை. பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில்கள் வரிசையாக நின்றன. சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் கைப்பிடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

பிரீமியம் வாய்க்குள் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பாஸ், இங்க பதினெட்டுக் கட்டில் நிக்குது. சுவத்துல நாற்பத்தெட்டுக் கைப்பிடி தொங்குது. வெளியே போயிருக்கிற கட்டில் கைப்பிடியோடதான் போகும். அப்ப முப்பது அதிகம். ஆளுக்கு ரெண்டு கை இருக்கலாம், கட்டிலுக்கு எதுக்கு?"

எங்கள் துறையில் பணம் காணாமல் போகும், பொருள் காணாமல் போகும். பொருள் அதிகமாகிப் பார்த்ததில்லை.

வேன் ஓட்டுகிறவர் சக்கரத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஒரு மாசம் பார்ப்போம்ங்க. கைப்பிடி வரலைன்னா, அந்த வீட்டுக்காரங்க இனி கேட்க மாட்டாங்கன்னு லேத்துல புதுசு செஞ்சு மாட்டிடுவோம். கைப்பிடி இல்லாத கட்டிலை எப்படிக் குடுக்கிறது? இந்த ரெண்டு வருஷமா அந்தப் பழைய கைப்பிடியெல்லாம் திரும்பி வருது. அதான் ரெட்டையா தொங்குது."

கேட்க மாட்டாங்க. அந்தச் சொல் என் காதில் தைத்தது.

லேத் பட்டறைக்கு ஸ்கூட்டரில் போகிற வழியில், டிரஸ்டின் பத்து வருஷ வரவுசெலவைப் பிரீமியம் ஒரு நோயாளியின் கதையாகச் சொன்னார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே.

"முதல் ரெண்டு வருஷம் ஆள் சுமாரா இருக்கான். ஆலை முதலாளி ஒருத்தர் மாசாமாசம் பணம் போடுறாரு. மூணாவது வருஷம் முதலாளி காலி, பசங்க கையை விரிச்சுட்டாங்க. அந்த வருஷமே இவன் செத்திருக்கணும். சாகலை! புதுசா ஒரு வரவு பொறக்குது. 'மனமுவந்த நன்கொடை'. அதைக் குடிச்சுட்டு ஆறு வருஷம் ஓடுறான். கூரை போடுறான், வேன் வாங்குறான். போன ரெண்டு வருஷமா திடீர்னு வாயில நுரை தள்ளிப் படுத்துட்டான்."

"மூணாவது வருஷமா?" என்றேன். அப்பா இறந்த வருஷம். நான் காலேஜ் முதல் வருஷத்தில் இருந்தேன்.

"ஆமா. இன்னொண்ணு கேளுங்க. மனசு உவந்து குடுக்கிறவன் ஒருத்தன் இருநூறு குடுப்பான், ஒருத்தன் எழுநூத்தம்பது குடுப்பான். இவங்க எந்த வருஷ மொத்தத்தை எடுத்தாலும் ஐயாயிரத்தால சுத்தமா வகுபடுது. ஊர்ல இருக்கிற மனசெல்லாம் ஒரே சைஸா பாஸ்?"

எனக்குப் புரிந்துவிட்டது. கேட்கக் கூசியவர்களின் டெபாசிட் அது. எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளின் வாயில் பூட்டைப் போட்டுவிட்டு, அதற்கு மனமுவந்து என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

லேத்துக்காரருக்கு மிஷின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. நாங்கள் கேட்டதையே அவர் திருப்பிக் கத்திக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஹேண்டிலா? ஒரு பீஸ் இருநூறு. ஆரம்பத்துலேர்ந்து அதேதான். ஏத்த மாட்டேன். எங்கம்மா கடைசியில அந்தக் கட்டில்லதான் படுத்திருந்தாங்க."

"உங்க டெபாசிட்டை வாங்கிட்டீங்களாண்ணே?"

"என்னது?"

"டெபாசிட்!"

மிஷினை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்தார். "எப்படிம்மா கேட்கிறது?" என்றார், இப்போது மெதுவாக. "அம்மா போனதுக்குக் காசு கேட்டு நிக்கிற மாதிரி இருக்காதா? நான் செஞ்ச ஹேண்டில்தான். ஒண்ணு எங்க வீட்லயும் கிடக்குது."

டிரஸ்ட் இதுவரை லேத்துக்குக் கொடுத்த தொகை எங்களிடம் இருந்தது. நாற்பத்திரண்டாயிரம். இருநூறால் வகுத்தால் இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பத்து வீடுகள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கின்றன. முப்பது திரும்பி வந்துவிட்டது. மீதி நூற்றெண்பது இன்னும் பரண்களில். நூற்றெண்பது ஐயாயிரம் ஒன்பது லட்சம். டிரஸ்டின் பேங்க் கணக்கில் இருப்பது ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

"ஒன்பது லட்சம் கடன் வெச்சிருக்கிறவன், ஆறு வருஷம் கொழுகொழுன்னு இருந்தான்னு கணக்குல போட்டிருக்காங்க" என்றார் பிரீமியம். "அது சதை இல்லை பாஸ். வீக்கம்."

"முதல் ஆர்டர் ஞாபகம் இருக்கா?" என்று லேத்துக்காரரின் காதருகே கத்தினேன்.

"ஒன்பது பீஸ். அதுக்கு முன்னாடியெல்லாம் கைப்பிடி வரும் வரும்னு கட்டிலைச் சும்மாவே நிறுத்தி வெச்சிருந்தாங்க சிஸ்டர். அன்னைக்கு ஒரே நாள்ல ஒன்பது கேட்டாங்க. பதினேழுன்னு நம்பர் அடிக்கச் சொன்னா நான் எழுபத்தொண்ணுன்னு அடிச்சுட்டேன். மறுபடி செஞ்சேன். சிஸ்டர் அந்த ஸ்டூல்லயே உட்கார்ந்திருந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. யாரோ செத்த வீட்டுக்கு வந்தவங்க மாதிரி."

பதினேழு எங்கள் அப்பாவின் கட்டில்.

ஆக, முதலில் கை வைத்தது எங்கள் பணத்தில். அடுத்த நிறுத்தம் இஸ்திரிக்கார அக்கா.

தெருமுனையில் அவளுடைய வண்டி. மடித்த துணி ஒரு பக்கம், மடிக்காதது ஒரு பக்கம். கரிப்பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறிய கோலைப் பார்த்ததும் பிரீமியம் என் முழங்கையைத் தொட்டார். கட்டில் கைப்பிடி. நுனி கறுத்திருந்தது. நம்பர் இருபத்தாறு.

"டிரஸ்ட்லேர்ந்தா வந்திருக்கீங்க? காசு வந்துடுச்சா?" என்றாள்.

"இல்லைக்கா. விசாரிக்கத்தான் வந்தோம்."

"ஓ." அவள் முகம் இறங்கியது. உடனே சமாளித்துக்கொண்டாள். "பரவாயில்லை. நின்னுக்கிட்டே பேசுறீங்களே. அந்த மூட்டைமேல உட்காருங்க. அழுக்குதான், கடிக்காது."

"எட்டு வருஷமா ஏன்க்கா கேட்கலை?"

"அவர் அந்தக் கட்டில்ல கிடந்தப்ப, முதுகுல புண்ணு வராம பார்த்துக்கிட்டாங்க அந்த சிஸ்டர். தினமும் வருவாங்க. அவங்ககிட்டப் போய், ஆள் போயிட்டாரு காசைக் குடுங்கன்னு எந்த வாயால கேட்கிறது? இப்ப ஆலை மூடினப்புறம் இஸ்திரிக்கு யாரும்மா துணி போடுறாங்க? தெருவே கசங்கின சட்டையோட திரியுது. அதான், எல்லாரும் பரண்லேர்ந்து எடுத்துட்டுப் போறாங்களேன்னு நானும் போனேன்."

டிரஸ்ட் ஏன் திடீரென்று படுத்தது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆலை மூடியதும் கூச்சம் கட்டுப்படியாகவில்லை. ஆறு வருஷக் கூச்சம் மொத்தமாகக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

"அந்த அஞ்சாயிரம் அப்பவே இருந்திருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கைப்பிடியைக் கரிக்குள் செருகிவிட்டு நிமிர்ந்தாள். "பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிருந்தா. காலேஜ்ல இடம் கிடைச்சுது. முதல் தவணை ஆறாயிரம். ஆயிரம் இருந்துச்சு என்கிட்ட." சிரித்தாள். "தையல் கம்பெனிக்குப் போயிட்டா. இப்ப ரெண்டு பிள்ளைங்க அவளுக்கு. உன் வயசுதான் இருக்கும்."

பிரீமியம் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஸ்கூட்டரை எடுக்கும்போது சொன்னார். "பாஸ், ஒரு கணக்கு இடிக்குது."

"என்ன?"

"பழசு இருபத்தொன்பது திரும்பி வந்துச்சுன்னாரு சில்லறை. சாவு வீட்டுக் காசையும் மூணு தரம் எண்ணுற ஆளு, தப்பா சொல்ல மாட்டாரு. ஆனா சுவத்துல முப்பது அதிகம். அந்த ஒண்ணு யாரோடது?"

"யாரோ கொண்டு வந்து குடுத்ததைக் கணக்குல காட்டாம அஞ்சாயிரத்தை அமுக்கிட்டார். அவ்வளவுதானே? நமக்கு வேண்டியதும் அதுதானே?"

"அப்படியே இருக்கட்டும்னு சாமியை வேண்டிக்கங்க" என்றார்.

கொட்டகைக்குள் சிஸ்டர் இருந்தார். முட்டியை ஊன்றி ஒரு கட்டிலின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை. சில்லறை பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார்.

"பழைய கைப்பிடியெல்லாம் எந்த ஆணி?" என்றேன்.

சிஸ்டர் கை காட்டினார். நான் ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் போட்டேன். இரும்பு இரும்பின்மேல் விழுந்து அலறியது. நான்கு, பன்னிரண்டு, முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் ஒரு வீடு. நான்காவது ஆணியின் அடியில், சுவரை ஒட்டி, கடைசியாக ஒன்று. மற்றதெல்லாம் துருவேறிப் பழுப்பாக இருக்க, இதன் பிடி மட்டும் கறுப்பாக இருந்தது.

சைக்கிள் டியூப்.

அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தவர். கடைசி மாதங்களில் அவருக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் நான்தான் கைப்பிடியைத் திருகி முதுகை உயர்த்துவேன். என் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, படுத்தபடியே சொல்லிக் கொடுத்தார். 'டியூபை நீளமா வெட்டு. சுருக்கம் விழாம இழுத்துச் சுத்து. நுனியை உள்ளே செருகிடு, முடிச்சுப் போடாதே. முடிச்சு கையை அறுக்கும்.' நான் சுற்றினேன். மூன்று தரம் அவிழ்த்துச் சுற்றச் சொன்னார். நான்காவது தரம், சரி என்றார்.

முடிச்சு இல்லை. நுனி உள்ளே செருகியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பதினேழு.

"இது எங்க வீட்டுப் பரண்ல இருக்கணும்" என்றேன்.

"உங்கம்மா கொண்டு வந்தாங்க" என்றார் சிஸ்டர். "அப்பா போய் ஒரு வாரம்கூட ஆகலை."

"அம்மாவா? கேட்கவே கூடாதுன்னு சொன்ன அம்மாவா?"

"அஞ்சாயிரத்தை எண்ணிக் கையில குடுத்தேன். வாங்கினாங்க. திருப்பி மேஜைமேலயே வெச்சாங்க. 'இதோட மீதியைப் போட்டு என் பொண்ணு காலேஜை முடிக்க வைங்க சிஸ்டர். இல்லைன்னா அடுத்த மாசம் அவ தையல் கம்பெனிக்குப் போயிடுவா'ன்னாங்க. என் காலைப் பிடிச்சாங்க. இதே இடத்துலதான்."

அப்பா எனக்காகச் சேர்த்து வைத்திருந்தார் என்றாள் அம்மா. பசை டப்பாக்களில் கொஞ்சம் கொஞ்சமாக, அம்மாவுக்கே தெரியாமல். ஒவ்வொரு வருஷமும் ஃபீஸ் கட்டும்போது, இது அப்பாவோட கடைசி டப்பா என்பாள். எட்டு வருஷமாக நான் அந்த டப்பாக்களை நம்பினேன். பட்டம் வாங்கிய அன்று, ஒரு காலி டப்பாவைக் கழுவித் துடைத்து என் அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

"மீதியை எங்கேர்ந்து போட்டீங்க?"

சிஸ்டர் எண்ணெய்க் குப்பியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. "ஆலைக்காரர் போயிட்டாரு. டிரஸ்ட்ல ஒண்ணும் இல்லை. பீரோல எட்டு வீட்டோட டெபாசிட் இருந்துச்சு. யாரும் வரலை. வரும் வரும்னு கட்டிலை நிறுத்தியே வெச்சிருந்தேன். அன்னைக்கு நான் முடிவு பண்ணினேன், இவங்க வர மாட்டாங்கன்னு. எடுத்தேன். உன்னோடதையும் சேர்த்து நாற்பத்தஞ்சாயிரம்."

"என் ரெண்டாவது வருஷ ஃபீஸ்."

"அதுவரைக்கும் ஒரு பைசா தொட்டதில்லைம்மா. ஒரு தரம் தொட்டப்புறம் கை கூசலை. அடுத்த வருஷமும் உனக்குக் கட்டினேன். அப்புறம் கூரை. அப்புறம் வேன். அப்புறம் சம்பளம். உன் கைப்பிடியை மட்டும் எந்தக் கட்டிலுக்கும் போட விடலை. எங்கேர்ந்து ஆரம்பிச்சேன்னு எனக்குத் தெரியணும்ல."

"அந்த எட்டுல இருபத்தாறு உண்டா?"

சிஸ்டர் சில்லறையைப் பார்த்தார். சில்லறை தரையைப் பார்த்தார்.

"உண்டு" என்றார் சில்லறைதான். "மனமுவந்த நன்கொடைன்னு பேர் வெச்சது நான். வேற எப்படி எழுதுறதுன்னு தெரியலை."

எனக்கு ஒரு திருடன் வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டது. அவள் பி.காம். முதல் வகுப்பு. எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. இஸ்திரிக்கார அக்காவின் மகள் தையல் மிஷினில் காலை வைத்தாள், நான் காலேஜ் படியில் காலை வைத்தேன். ஒரே ஐயாயிரம்.

யார்மேல் கோபப்படுவது? அம்மாமேலா? அவள் எனக்காகக் காலைப் பிடித்தாள். சிஸ்டர்மேலா? ஆமாம், சிஸ்டர்மேல். "நல்லது செஞ்சேன்னு நினைக்காதீங்க" என்றேன். "என் அம்மா கேட்டாங்க, அந்தக்கா கேட்கலை. அதனால அவங்க பணம் எனக்கு வந்துச்சு. வாய் இருந்த வீடு பிழைச்சுது. நீங்க ஒரு தரம் அந்த வண்டிக்குப் போய், அஞ்சாயிரம் இருக்கு வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கலாம். தினமும் புண்ணு துடைக்கப் போன வீடுதானே?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "போயிருக்கலாம்" என்றார்.

சில்லறை இரண்டடி முன்னால் வந்தார். "ஏம்மா, ஒண்ணு சொல்றேன் கேளு. நல்லா இருக்குன்னு ஒரே வரி எழுதிடு. இருபது லட்சம் வரும். முதல் வேலையா நூத்தெண்பது வீட்டுக்கும் நானே வீடு வீடா போய்க் குடுத்துட்டு வரேன். எண்ணி."

நிஜமாகவே போவார். அதுதான் கொடுமை. இருபத்திரண்டு பேர் இந்த நிமிஷம் இந்த டிரஸ்டின் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். யாரோ ஒருத்தி யாருக்கோ கைப்பிடியைத் திருகிக்கொண்டிருக்கிறாள்.

"வந்ததும் குடுத்துடலாம்னுதானே சார் எட்டு வருஷமா சொல்லிக்கிட்டீங்க?" என்றேன். "இப்ப நானும் அதையே எழுதணுமா? இன்னொருத்தர் காசை வாங்கி முதல் ஆள் வாயை அடைக்கிறதை?"

பிரீமியம் குனிந்து, தரையில் கிடந்த கைப்பிடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். சத்தம் வராமல்.

"பாஸ்" என்றார் திரும்பாமலே. "ரிப்போர்ட்ல, ஃபீஸ் கட்டின அந்த மாணவி பேரு?"

"என் பேருதான்."

"அதோட நம்ம ஏஜென்ஸியில உங்க சீட்டும் கிழிஞ்சுடும். சம்பந்தப்பட்ட ஆளே விசாரிச்சாங்கன்னு."

"தெரியும். ஒன்பது லட்சம் கடன்னு எழுதணும். எப்படி வந்துச்சுன்னு எழுதணும். பணம் தர்றதும் தராததும் அவங்க இஷ்டம். வாசல்ல ஒரு போர்டு வைங்க சார், கைப்பிடி வெச்சிருக்கிறவங்க எல்லாரும் வாங்கன்னு. பேங்க்ல இருக்கிற ஒரு லட்சத்தை வரிசைப்படி குடுங்க. இருபத்தாறுலேர்ந்து ஆரம்பிங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என் சம்பளம் வரும். வேற எங்கயாவது வேலை கிடைச்சா. எட்டு வீட்டுது நான் கட்டுறேன்."

"மூடிடுவாங்களா?" என்று கேட்டார் சிஸ்டர்.

அப்பாவின் கைப்பிடியை எடுத்துக்கொண்டேன்.

"அதுக்குக் காசு குடுத்தாச்சும்மா" என்றார் சில்லறை, பழக்கதோஷத்தில். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியும் சார். இது ரிப்போர்ட்டோட போகுது. முதல் சாட்சி."

டியூபின் பிடி என் உள்ளங்கைக்கு அப்படியே பொருந்தியது. அம்மாவிடம் இன்று இரவு என்ன கேட்பது? ஒன்றும் கேட்கப் போவதில்லை. டப்பாவைப் பற்றி அவள் பேசினால் தலையை ஆட்டுவேன்.

வாசற்படியில் ஒருவர் எதிரே வந்தார். கொத்தனார் போல. காலில் சிமென்ட் காய்ந்திருந்தது. கைக்குள் நோட்டுகளை நான்காக மடித்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கட்டில் இங்கதானே தராங்க? டெபாசிட்டை யார்கிட்ட கட்டணும்?"

"உள்ளே" என்றேன். போய்விட்டிருக்கலாம். நின்றேன். "அண்ணே, வண்டி வந்து கட்டிலை எடுத்துட்டுப் போகும். கைப்பிடியை உங்ககிட்டயே விட்டுடுவாங்க. அதைக் கொண்டு வந்து குடுத்துட்டுக் காசைக் கேளுங்க. கூச்சப்படாதீங்க. மறுநாளே வந்து கேளுங்க."

அவர் முகம் மாறியது. "எங்கம்மா எழுந்துடுவாங்கம்மா" என்றார். நான் ஏதோ சாபம் கொடுத்துவிட்டதைப் போல.

"எழுந்தாலும் கேளுங்க" என்றேன்.

தெருவில் வெயில் சுட்டது. பின்னால் பிரீமியம் ஓடி வருகிற சத்தம் கேட்டது. நான் ஸ்கூட்டர் பக்கம் திரும்பவில்லை. இஸ்திரி வண்டி இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்திருந்தேன்.